வீட்டு ஷெட்டுக்கு கார் லிஃப்ட்: முதலில் கூரை, அடுத்து தரை, கடைசியில் கடை

கார் லிஃப்ட் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எத்தனை டன் தூக்கும்?" என்ற கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள். வீட்டைப் பொறுத்தவரை அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இரட்டைத் தூண் லிஃப்ட்களில் பல மூன்றரை, நான்கு டன் தாங்குபவை. டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்ற பெரிய வண்டியே இரண்டு டன்னைச் சற்றுத்தான் தாண்டும். ஆகவே வலிமை போதாமல் தவிப்பதைவிட, கூரை இடித்தோ தரை தாங்காமலோ தவிப்பதற்கே வாய்ப்பு அதிகம். பட்டறை வைப்பவர் லிஃப்டை முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ப ஷெட் போட முடியும். நமக்கோ ஷெட் ஏற்கெனவே நிற்கிறது. கட்டடத்தை அளந்து, அது இடம்கொடுக்கும் லிஃப்டை வாங்குவதே சரியான வரிசை.

படி 1: கூரையை அளந்து பாருங்கள்

டேப்பைத் தரையிலிருந்து சிலாப் வரை பிடிப்பது போதாது. பீம், மின்விசிறி, சுருண்டு நிற்கும் ஷட்டர் ஆகியவற்றில் எது தாழ்வாக இருக்கிறதோ அதுவரை அளக்க வேண்டும். அதிலிருந்து காரின் உயரத்தையும், பாதுகாப்புக்கு 10 செ.மீ. இடைவெளியையும் கழித்தால் மிஞ்சுவதுதான் சக்கரம் எழும்பக்கூடிய உயரம். நம் வீடுகளில் வழக்கமான 10 அடி என்பது 305 செ.மீ. மாருதி ஸ்விஃப்டின் உயரம் சுமார் 153 செ.மீ.; மிஞ்சுவது 142. இன்னோவா கிரிஸ்டா ஏறத்தாழ 180, மிஞ்சுவது 115. இரண்டிலுமே வண்டிக்கு அடியில் நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் செய்யலாம். ஒரு காரைத் தூக்கி அதன்கீழ் இன்னொன்றை நிறுத்தலாம் என்ற ஆசைக்கும் இதே கணக்குதான். இரண்டு ஸ்விஃப்டுக்கு 306 செ.மீ. ஆகிவிடுகிறது; நடுவில் வரும் ஓடுதளத்தின் கனத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. தூண்களின் உயரத்தையும் மறக்கக் கூடாது. குழாயும் கேபிளும் தலைக்குமேல் போகும் இரட்டைத் தூண் லிஃப்டுக்கு 11 முதல் 12 அடி கூரை தேவைப்படும். அவை தரைத்தகட்டின் கீழ் போகும் வகை ஒன்பது, ஒன்பதரை அடிக்குள் அடங்கும்.

படி 2: தரையைச் சோதியுங்கள்

இரட்டைத் தூண் லிஃப்டில் காரின் எடை தூண்களுக்கு நடுவே, நீட்டிய கைகளின் மேல் உட்காருகிறது. அது தூண்களை உள்நோக்கிச் சாய்க்கப் பார்க்கும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது தரையில் இறக்கிய ஆங்கர் போல்ட்டுகள்தான். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் குறைந்தது 4 அங்குல கனமும் 3,000 பி.எஸ்.ஐ. வலிமையும் உள்ள கான்கிரீட் கேட்கிறார்கள். நம் வழக்கில் அது எம்20 கலவையை ஒட்டி வரும். நம் போர்டிகோக்களில் பலவற்றிலோ மெல்லிய ஜல்லிக் கான்கிரீட், அதன்மேல் சாந்து, அதன்மேல் டைல்ஸ். சில இடங்களில் வெறும் பேவர் பிளாக். இவற்றில் ஆங்கர் போல்ட் பிடிக்காது. ஓரத்தில் துளையிட்டு கனத்தைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் தூண் நிற்கும் இடத்தை வெட்டியெடுத்து, கட்டடப் பொறியாளர் சொல்லும் அளவில் கம்பி கட்டி எம்25 கான்கிரீட் போட்டு, 28 நாள் விட்டு, அதன்பின் துளையிடலாம். கீழே அடித்தளமோ சம்ப்போ இருந்தால், பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தரையில் கை வைக்கக் கூடாது.

படி 3: செய்யப்போகும் வேலையை வைத்து வகையை முடிவுசெய்யுங்கள்

சஸ்பென்ஷன், பிரேக், கிளட்ச் என்று எல்லா வேலையும் செய்பவருக்கு இரட்டைத் தூண் சிறந்தது; சக்கரங்கள் நான்கும் தொங்கும், அடிப்பகுதி முழுவதும் திறந்திருக்கும். நான்கு தூண் லிஃப்டில் வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்பதால் எடை நேராகக் கீழே இறங்கும், தரைக்குச் சோதனை குறைவு. ஆனால் சக்கரத்தைக் கழற்ற, ஓடுதளங்களுக்கு இடையே தனி ஜாக்கி வேண்டும். நடுத்தர உயரக் கத்தரி லிஃப்ட் தாழ்ந்த கூரைக்கு ஒத்துவரும். காரின் நடுப்பகுதியை அடைத்துக்கொள்வது அதன் குறை. வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைக்கக்கூடிய இரட்டைச் சட்ட லிஃப்ட் சுமார் இரண்டடி தூக்கும். 10 அடி கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள வீட்டுக்கு, கடைசி இரண்டில் ஒன்றுதான் நியாயமான தேர்வு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பேட்டரி அடியில் பரந்து கிடப்பதால், தாங்கிகள் தயாரிப்பாளர் குறித்த ஜாக்கி புள்ளிகளில் மட்டுமே படும்படி கைகள் நீள வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, பழைய பட்டறைபோல் ஒரு குழி தோண்டினால் போதாதா என்று கேட்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் தேங்கி நிற்கும், ஒரு தீப்பொறி போதும். மழைக்காலத்தில் நீர் ஊறும். மூடி இல்லாத நேரத்தில் குழந்தைகள் விழும் அபாயமும் உண்டு. வீட்டுக்குள் அது வேண்டாம். ஜாக்கியும் ஸ்டாண்டும் போதுமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆயில் மாற்றுவதும் பிரேக் பேட் போடுவதும் மட்டுமே நோக்கம் என்றால் உண்மையிலேயே போதும், லிஃப்ட் தேவையில்லை.

படி 4: பூட்டு, முத்திரை, மின்சாரம்

ஹைட்ராலிக் எண்ணெய் தூக்குவதற்குத்தான். தூக்கியதைத் தாங்கி நிற்க வேண்டியது இரும்புப் பூட்டு. ஒவ்வொரு சில அங்குலத்துக்கும் பூட்டு விழுகிறதா, எல்லாத் தூணிலும் ஒருசேர விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். தூக்கியபின் பூட்டின்மேல் வண்டியை இறக்கி உட்கார வைக்காமல் அடியில் போகவே கூடாது. அமெரிக்க லிஃப்டானால் ஏ.எல்.ஐ. சான்று முத்திரையையும், ஐரோப்பியச் சந்தைக்கான லிஃப்டானால் இ.என். 1493 தரத்தையும் கேளுங்கள். இறக்குமதி மலிவு என்பார்கள். ஆனால் சீலும் கேபிளும் தேய்பவை, அவை உள்ளூரில் கிடைக்காவிட்டால் மலிவு நிலைக்காது. கோவையின் ஏ.டி.எஸ். எல்ஜி போன்ற கேரேஜ் கருவித் தயாரிப்பாளர்கள் அருகிலேயே இருப்பது நமக்கு வசதி. மோட்டார் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றதா, ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா என்று உறுதிசெய்து, அதற்குத் தனி எம்.சி.பி.யும் எர்த்தும் போடுங்கள்.

டன் கணக்கு இப்போது வரட்டும். நான்கு கைகள் உள்ள நான்கு டன் லிஃப்டில் ஒரு கையின் பங்கு ஒரு டன்தான். எஞ்சின் இருக்கும் முன்பக்கம் கனமாக இருப்பதால், முன் அச்சின் எடையில் பாதியை அந்த ஒரு டன்னோடு ஒப்பிடுங்கள். பிறகு கூரை உயரம், தரைக் கனம், காரின் அளவு, செய்யப்போகும் வேலை நான்கையும் ஒரு தாளில் எழுதி விற்பனையாளரிடம் கொடுத்து, அதற்கேற்ற நிறுவல் வரைபடம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.