தூக்குக் கயிறும் தீர்வல்ல, திறந்த கடையும் தீர்வல்ல

பாகான் நக்கோடா ஓமார், சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் என்று நீளும் வட சிலாங்கூரில், தோட்டத்திலும் தோட்டம் விட்டுக் குடியேறிய தாமான்களிலும் போதைப்பொருள் நம் குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது என்ற பேச்சு எழுந்தால் ஒரு பக்கம் ‘தூக்கில் போடு’ என்கிறது. மறுபக்கம் ‘சட்டப்படி விற்கவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்’ என்கிறது. விற்பவனையும் உட்கொள்பவனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் இரண்டும் தவறிப்போகின்றன. விற்பனையைச் சட்டம் ஒடுக்க வேண்டும். அடிமைப்பட்டவரை மருத்துவம் மீட்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் குழப்பும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: தண்டனையைக் கடுமையாக்கினால் போதைப்பொருள் ஒழிந்துவிடும்.

உண்மை: மலேசியா இதைத் தலைமுறைக் கணக்கில் செய்து பார்த்துவிட்டது. 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் கடத்தலுக்கான மரண தண்டனை 1975-இல் சேர்ந்தது. 1983-இல் அது கட்டாயமானது. 15 கிராம் ஹெராயின், 50 கிராம் மெத்தாம்பெட்டமைன், 200 கிராம் கஞ்சா, இந்த அளவைத் தொட்டாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. 2019-இன் தொடக்கத்தில் மரண தண்டனைக்குக் காத்திருந்த 1,281 பேரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் போதைப்பொருள் வழக்கில் சிக்கியவர்கள். அத்தனை உயிர்கள் கயிற்றின் நிழலில் இருந்தும் சந்தை சுருங்கவில்லை. முன்பு ஹெராயின் இருந்த இடத்தை ‘ஐஸ்’ எனப்படும் மெத்தாம்பெட்டமைன் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். தூக்கு மேடைக்குப் போகிறவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, கூலிக்குச் சுமந்தவர். ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயினுக்காக 2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்பது வழக்கிலேயே பேசப்பட்டது. அவர் போனதால் அந்த வியாபாரம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

‘கயிறு இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்குமே’ என்று கேட்பார்கள். குற்றத்தைத் தடுப்பதில் தண்டனையின் கொடூரத்தைவிடப் பிடிபடுவோம் என்ற நிச்சயமே அதிகம் உதவும் என்பதைக் குற்றவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மேலும், 2023 ஜூலை 4 முதல் மலேசியாவில் நீக்கப்பட்டது மரண தண்டனை அல்ல, அதன் கட்டாயம் மட்டுமே. நீதிபதி மரண தண்டனை விதிக்காவிட்டால் ஆயுள் சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. இதைக் கருணை என்று யாரும் சொல்ல முடியாது.

நம்பிக்கை 2: ‘குற்றமற்றதாக்குவது’ என்றால் கடையில் வைத்து விற்பது.

உண்மை: இரண்டும் வேறு. 2019 ஜூனில், கோல சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினரும் அப்போதைய சுகாதார அமைச்சருமான டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் சொந்தப் பயன்பாட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் யோசனையை முன்வைத்தபோது, இது சட்டபூர்வ விற்பனை ஆகாது என்பதையும் சேர்த்தே சொன்னார். இன்றும் அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, உட்கொண்டதற்காக மட்டுமே ஒருவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அந்தப் பதிவு வேலைக்கு மனு போடும்போதெல்லாம் கூடவே வரும். போர்ச்சுகல் 2001 முதல் வேறு வழியில் போகிறது. பத்து நாள் பயன்பாட்டுக்கு உட்பட்ட அளவோடு பிடிபட்டவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மூவர் குழு ஒன்றின் முன் நிறுத்துகிறார்கள். தேவைப்பட்டவரை அக்குழு சிகிச்சைக்கு அனுப்புகிறது. விற்றவருக்கு அங்கும் சிறைதான். ஊசிவழி எச்ஐவி தொற்று அந்நாட்டில் பெருமளவு குறைந்தது.

நம்பிக்கை 3: சட்டப்படி விற்றால் கள்ளச் சந்தையும் கேடும் போய்விடும்.

உண்மை: இதற்கு நம் தோட்ட வரலாறே பதில் வைத்திருக்கிறது. காலனி ஆட்சியில் தோட்டக் கள்ளுக்கடை உரிமம் பெற்றே நடந்தது. கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளி சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்குப் போய்விடுவான் என்பதே அதைத் திறந்து வைத்தவர்கள் சொன்ன நியாயம். கள்ளுக்கடையும் இருந்தது, கள்ளச் சம்சுவும் இருந்தது, சம்பளப் பணம்தான் வீடு வரவில்லை. 1941-இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கேட்டார்கள். குடித்தவனைச் சிறையில் அடைக்கச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. கடை எங்கே இருக்கிறது, அதில் யாருக்கு இலாபம் என்பதையே அவர்கள் பார்த்தார்கள். 80 ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்கு வழிகாட்டக்கூடிய தெளிவு அது.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் இருக்கிறது. சட்டப்படியான கடை ஊருக்கு ஊர் இருந்தும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கையில் காசில்லாதவன் மலிவான பொட்டலத்தைத்தான் தேடுவான். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. விதிமுறை வருமுன் கடைகள் பெருகின. 2025-இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பியது. தண்டனையை மட்டும் நீக்குவதும் போதாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-இல் சொந்தப் பயன்பாட்டுக்கான குற்றத் தண்டனையை எடுத்தது, சிகிச்சை நிலையங்களைப் போதிய அளவு தயார்செய்யாமலே எடுத்தது. 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கியது. தண்டனையை நீக்குவது பாதி வேலை. மீதிப் பாதி இல்லாவிட்டால் முதல் பாதியும் நிலைக்காது.

நம்பிக்கை 4: மெத்தடோன் என்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை.

உண்மை: மலேசியாவில் 2002-இல் புதிய எச்ஐவி தொற்று 6,978 என்ற உச்சத்தைத் தொட்டது, அன்று பெரும்பாலோருக்கு அது ஊசி பகிர்ந்ததால் வந்தது. 2005-இல் மெத்தடோனும் 2006-இல் ஊசி மாற்றுத் திட்டமும் வந்தன. இன்று புதிய தொற்றுகளில் ஊசியின் பங்கு மிகச் சிறியது. பிரம்படியால் வராத பலன் இது. மெத்தடோன் திரவ மருந்து. அளந்து ஊற்றி, மருந்தாளர் கண்முன்னே குடிக்க வைக்கிறார்கள். ஹெராயின் கிடைக்காதபோது வரும் உடல் நடுக்கத்தை அது அடக்குவதால் ஒருவரால் வேலைக்குப் போக முடிகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விடிவதற்குள் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நிற்க வேண்டிய செம்பனைத் தொழிலாளிக்கு எட்டு மணிக்குத் திறக்கும் கிளினிக் எட்டாது. பஸ் அரிதாக வரும் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாதவர் தினமும் எப்படிப் போவார்?

‘ஐஸ்ஸுக்கு மெத்தடோன் போல மாற்று மருந்து இல்லையே’ என்பது நியாயமான கேள்வி. இல்லைதான். மனநல மருத்துவம், ஆலோசனை, நெடுநாள் கண்காணிப்பு என்று அதற்குச் செலவும் பொறுமையும் அதிகம் வேண்டும். ஆனால் அதற்கு லாக்கப்பிலும் மருந்தில்லை. வீட்டில் அடி வாங்கும் தாயும் மனைவியும் போலீசை அழைப்பதையும் யாரும் குறை சொல்ல முடியாது. அடிதடியும் திருட்டும் குற்றங்களே. அவற்றுக்குச் சட்டம் நடவடிக்கை எடுக்கட்டும். உட்கொண்டது ஒன்றே குற்றமாக இருக்கும்வரை, உதவி கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நோயாளி ஒளிவார். தாமாக முன்வந்து சிகிச்சை கேட்கும் வழி 1983-ஆம் ஆண்டின் போதை அடிமைகள் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைத் தோட்டத்தில் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

நாம் வலியுறுத்த வேண்டியவை தெளிவானவை. உட்கொண்டவரின் வழக்கு மருத்துவத்துக்குப் போக வேண்டும். வட சிலாங்கூர் கிளினிக்குகள் வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டும். சுமப்பவரைத் தாண்டிப் பணம் போடுபவரை விசாரணை எட்ட வேண்டும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடம் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.