எல்லோருக்கும் ஒரே கையுறை!

2024-ம் வருஷம் ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல்... 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த சோகம் அது. இப்படிப்பட்ட நேரத்தில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், சிலருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டும். "முதல்ல ஹெச்.ஐ.வி. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அப்புறம் தொடலாம்" என்று டாக்டரோ நர்ஸோ காத்திருக்க முடியுமா?

முடியாது. காத்திருக்கத் தேவையும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது!

ஹெச்.ஐ.வி. உடம்புக்குள் நுழைந்த ஆரம்ப நாட்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். 'நெகட்டிவ்' என்று சீட்டு வைத்திருப்பவருக்கும் தொற்று இருக்கலாம். அதனால்தான், எந்த நோயாளியின் ரத்தமாக இருந்தாலும் அதில் கிருமி இருக்கலாம் என்று நினைத்தே வேலை செய்ய வேண்டும் என்பது மருத்துவ விதி.

ரத்தம் படக்கூடிய வேலைக்குக் கையுறை. ஒவ்வொருவருக்கும் புது ஊசி. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாமல், அப்படியே துளைக்க முடியாத டப்பாவில் போடுவது. கருவிகளை ஆட்டோகிளேவில் கிருமி நீக்குவது. இவ்வளவுதான்! ஹெச்.ஐ.வி.யைவிட சுலபமாகத் தொற்றும் மஞ்சள்காமாலை 'பி' கிருமியும் இதில் அடங்கிவிடும்.

"தனி வார்டு, தனித் தட்டு வேண்டாமா?"

வேண்டாம். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால் ஹெச்.ஐ.வி. பரவாது. கூடவே காசநோய் இருந்தால், அந்தக் காசநோய்க்காகத் தனி இடம் கொடுப்பது வேறு விஷயம்.

"நர்ஸுக்கு ஊசி குத்திட்டா?"

நியாயமான பயம்தான். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட, கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்றுதான். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தள்ளிப்போனாலும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

சாத்தூர் சொன்ன பாடம்

அப்படியானால் சோதனையே வேண்டாமா? ரத்தம் ஏற்றுவதற்கு முன் கட்டாயம் வேண்டும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. வெளிநாடு போவதற்காக வேறிடத்தில் சோதனை செய்துகொண்ட இளைஞர், தான் கொடுத்த ரத்தத்தைப் பற்றித் தானே முன்வந்து தகவல் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மனமுடைந்த அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர 2019-ல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ரத்த வங்கியின் அலட்சியத்துக்கு இரண்டு குடும்பங்கள் பலி!

சட்டம் உங்கள் பக்கம்

2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் ஹெச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சையை மறுக்கக்கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது. கேஸ் ஷீட்டின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி வைத்து ஊருக்கெல்லாம் தெரியப்படுத்தக்கூடாது. ஊழியர்களுக்குக் கையுறையும் தடுப்பு மாத்திரையும் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை.

நீங்கள் செய்ய வேண்டியது

* "இங்க பார்க்க மாட்டோம், வேற இடத்துக்குப் போங்க" என்றால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

* 20 பேருக்குக் குறையாத மருத்துவமனையில் இதற்கென்று புகார் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் எழுதிக் கொடுங்கள். சரிவராவிட்டால் ஓம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆலோசனைக்கு 1097 என்ற இலவச எண்.

* ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். சில மருந்துகள் அதோடு ஒத்துப்போகாது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களிலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

* உறவினருக்குத் தொற்று என்று தெரியவந்தால், அக்கம்பக்கத்தில் சொல்லாதீர்கள். சொல்லலாமா, வேண்டாமா என்பது அவருடைய விருப்பம்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது மருந்து இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசே ஏ.ஆர்.டி. மாத்திரையை இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகச் சாப்பிடுபவர் நம்மைப்போலவே வேலைக்குப் போகிறார், குழந்தை பெறுகிறார். நாளைக்கே அவருக்குக் குடல்வால் வலி வரலாம், பல் பிடுங்க வேண்டியிருக்கலாம். அந்த வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.