மூன்றடி உயரத்தில் ஒரு கரும்பலகை

வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் பத்துப் பன்னிரண்டு ஜோடி கிடந்தால் அது விசேஷ வீடு இல்லை, டியூஷன் வீடு. திட்டக்குடியில் மாலை ஐந்து மணிக்குமேல் நாலு தெரு நடந்தால் இப்படி ஒரு வீடாவது கண்ணில் படும். உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து, தரையில் கிடக்கும் நோட்டின்மேல் முதுகைக் கூனிக்கொண்டு எழுதுகிறார்கள். டியூஷன் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் தலைக்கு மேலே ஆணியில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதில் ஒரு கணக்குப் போட வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

பலகை யார் உயரத்துக்கு மாட்டியிருக்கிறது என்று பார்த்தாலே அந்த இடம் யாருக்காக அமைந்தது என்று தெரிந்துவிடும்.

பிளஸ் டூவோ டிகிரியோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள். சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டால் கையில் கொஞ்சம் காசும் வரும் என்று ஒரு யோசனை. அப்படியானால் முதலில் ஒன்று: மேசை நாற்காலி வாங்கக் கடைக்குக் கிளம்பாதீர்கள். தனி அறை இல்லையே என்று ஏங்கவும் வேண்டாம். தரை, சுவர், வெளிச்சம் இந்த மூன்றும் பிள்ளையின் அளவுக்கு அமைந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. முதல் கட்டத்துக்கு எடுத்த 12 மாவட்டங்களில் நம் கடலூரும் ஒன்று. ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள். மாலை ஐந்து முதல் ஏழுக்குள் வகுப்பு. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிளஸ் டூ போதும், ஆறு முதல் எட்டுக்கு டிகிரி வேண்டும். கட்டடம் யாரும் கட்டித் தரவில்லை. திண்ணை, கோயில் மண்டபம், மொட்டை மாடி, மரத்தடி என்று கிடைத்த இடத்தில் பாயை விரித்தார்கள்.

பலன் என்ன? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. அப்படித் திரும்ப வந்ததில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். திண்ணைக்கு இந்த மதிப்பெண் போதாதா?

திண்ணைக்கு அதற்கும் முந்திய பெருமை உண்டு. 1789இல் எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பிள்ளைகளுக்கும் மணல் தட்டு கொடுத்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அதோடு சேர்த்து இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார். அங்கே அதற்கு வைத்த பெயரே ‘மெட்ராஸ் முறை’. ஸ்காட்லாந்தில் அவர் பணத்தில் எழுந்த ஒரு பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நாம்தான் திண்ணையை இடித்து கிரில் கேட் போட்டுவிட்டோம்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்துக் கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். விரல் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே சாக்பீஸால் ஒரு கோடு. அடுத்து உட்காரச் சொல்லி, மடிக்கு நேராக இன்னொரு கோடு. இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் கரும்பலகை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஏறக்குறைய தரையிலிருந்து ஓரடியில் தொடங்கி மூன்றடி, மூன்றரை அடியில் முடியும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் வகுப்பறையைப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். சுவரைச் சுற்றித் தாழ்வாகக் கரும்பலகை, அதில் ஆளுக்கொரு கட்டம், கட்டத்தின் தலையில் பிள்ளையின் பெயர். டீச்சர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். பாடங்கள் அட்டைகளாகத் தட்டுகளில் இருக்கும். பிள்ளையே எழுந்துபோய் எடுத்துவரும். அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பலகையைக் கீழே இறக்கினார்களே, அந்த ஒன்றை யாரும் குறை சொல்ல முடியாது. தன் பெயர் எழுதிய கட்டம் என்றால் பிள்ளை அதைத் துடைப்பதில்கூட ஒரு அக்கறை இருக்கும்.

கரும்பலகை பெயிண்ட் ஹார்டுவேர் கடையில் சின்ன டின்னிலேயே கிடைக்கும். சுவரில் சொரசொரப்பு இருந்தால் முதலில் பட்டி பார்த்துத் தேய்த்துவிடுங்கள். இரண்டு கை அடித்து, நன்றாகக் காயவிட்டு, முதல் எழுத்து எழுதுவதற்கு முன் சாக்பீஸைப் படுக்கவைத்து முழுப் பலகையிலும் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் நாள் எழுதியது கடைசிவரை நிழலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

வாடகை வீடு, சுவரைத் தொட்டால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்றால் வேறு வழி இருக்கிறது. பளபளப்பான வெள்ளைச் சுவர் டைல்ஸில் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மேட் டைல்ஸ் வேண்டாம், மை இறங்கிவிடும். கொத்தனார் வேலை முடிந்த வீட்டில் ஒன்றிரண்டு மீந்து கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்தால் அதுதான் சிலேட்டு. ஆனால் டைல்ஸ் ஓரம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். நாலு பக்கமும் இன்சுலேஷன் டேப் சுற்றாமல் கையில் கொடுக்கக் கூடாது.

பக்கத்து ஊர்ச் சொத்து

பெண்ணாடம் வழியாகப் பஸ் பிடித்தால் விருத்தாசலம். பீங்கான் தொழிலுக்கென்றே தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்லூரியும் இருக்கிற ஊர். நெய்வேலிப் பக்கத்துக் களிமண் அங்கே வந்து அகல் விளக்காகவும் கொலு பொம்மையாகவும் பியூஸ் கட்டையாகவும் மாறுகிறது. வீட்டுப் படிப்பிடத்துக்கு வேண்டிய சாமான் அங்கே கொட்டிக் கிடக்கிறது. நாம்தான் ஆன்லைனில் மர பொம்மை தேடிக்கொண்டிருக்கிறோம்.

அகல் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அகலில் பத்துப் புளியங்கொட்டை. பத்து அகல் நிறைந்தால் ஒரு தாம்பாளம், அது நூறு. ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்பை இதைவிடச் சுலபமாகப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழைக் கழிக்க ஒரு அகலைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும். ‘கடன் வாங்குவது’ என்று நாம் சொல்வது என்னவென்று அந்தக் கணத்தில் பிள்ளைக்குப் புரியும்.

பிசைவதற்குக் களிமண்ணும் வைக்கலாம். எழுத்துப் பிடிபடாத ஐந்து வயதுப் பிள்ளை ‘அ’வைக் களிமண்ணில் உருட்டி வளைத்தால் விரலுக்கும் பலம், எழுத்தும் மனதில் நிற்கும். இரண்டு எச்சரிக்கை. பட்டறையில் பொம்மைக்குப் பூசும் மெருகுக் கலவையையோ அதன் பொடியையோ வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது பிள்ளை தொடுகிற பொருள் இல்லை. காய்ந்த களிமண் தூளை விளக்குமாற்றால் பெருக்கவும் கூடாது. அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் ஒற்றித் துடையுங்கள். மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி மூடி போட்ட வாளியில் வைத்தால் நாள்பட இருக்கும்.

தரை, வெளிச்சம், காற்று

தரையில் உட்கார்வது கௌரவக் குறைச்சல் இல்லை. நோட்டு தரையில் கிடப்பதுதான் தப்பு. மண்டியிலும் பழைய நகைக்கடையிலும் கணக்குப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து முன்னால் ஒரு சாய்வுப் பெட்டி வைத்திருப்பாரே, அதன் நகல் போதும். உயரம் ஓரடியைத் தாண்டக் கூடாது. தச்சரிடம் பழைய பிளைவுட் கொடுத்து ஒரே நீளப் பலகையாக அடித்தால் மூன்று பிள்ளைகள் உட்காரலாம். கோரைப்பாய் இரண்டு. பிள்ளைகளின் பொருள் எல்லாம் ஷெல்ஃபில் கீழ்த்தட்டில், மேல்தட்டு உங்களுக்கு. 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளிகளின் அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தபோது மரியா மாண்டிசோரி செய்ததும் இதைத்தான். 1939இல் அவர் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தந்ததிலும் இது உண்டு. பிள்ளை தானே எடுக்கவும் தானே திருப்பி வைக்கவும் முடிய வேண்டும். ‘அக்கா, அத எடுத்துக் குடுங்க’ என்ற குரல் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை தடவை உங்கள் பாடம் நின்றிருக்கிறது.

வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். இடது கைப் பிள்ளையை எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், டியூப்லைட் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவர்கள் நிழலே நோட்டில் விழும். திண்ணை இருப்பவர்கள் ஐப்பசிச் சாரலுக்கு ஒரு மாற்றிடம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் ஷீட்டோ தகரமோ போட்ட மாடிக் கொட்டகை சித்திரை வைகாசியில் அடுப்பு. அங்கே சாயங்காலம் ஆறுக்கு முன் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

டிவி அதே கூடத்தில்தான் இருக்கும், என்ன செய்வது. வகுப்பு நேரத்தில் மேலே ஒரு துணி. போனில் பாடம் காட்ட வேண்டுமானால் அரசுப் பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடு போதும். காட்டி முடித்ததும் போன் மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும்.

தெருக்கதவு திறந்தே இருக்கட்டும். மற்றவர் வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் தெருவில் போகிறவர் கண்ணுக்குக் கூடம் தெரிய வேண்டும். உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. பிள்ளை கைக்கு எட்டும் பிளக் பாயிண்டுக்கு மூடி, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. 1098 என்ற எண்ணைப் பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள், அது குழந்தைகள் உதவி எண் என்று பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

பள்ளியை நிறுத்தலாமா?

இடம் நன்றாக அமைந்துவிட்டால் சிலருக்கு ஆசை வருகிறது: பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன? 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்கு இணையான அடிப்படைக் கல்வித் தேர்வுகளும் பிறகு பத்தாம் வகுப்பும் எழுதலாம். ஆக, வழி இருக்கிறது.

ஆனாலும் திட்டக்குடியில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தாய் என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. பெண்பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் பள்ளிக் கணக்கு பார்ப்பார்கள். காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, பஸ் பாஸ் எல்லாம் தனி. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாலை இரண்டு மணி நேரத்தை வீட்டில் ஒழுங்காக அமைப்பதே லாபம்.

உங்கள் பக்கத்துக் கணக்கு

முதல் வருடம் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். இருபது பேரை வைத்து நடத்தியவர்களுக்குப் பயிற்சியும் பாடப்பொருளும் அரசு கொடுத்தது. உங்களுக்கு யாரும் கொடுக்கப்போவதில்லை. கட்டணத்தை மாத ஆரம்பத்தில் வாங்கிவிடுங்கள். சொந்தக்காரப் பிள்ளைக்கும் அதே கட்டணம், அல்லது வெளிப்படையாக இலவசம். நடுவில் நின்றால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். சொந்தப் பிள்ளையை அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளில் ஒன்றாகவே வையுங்கள். அம்மா என்ற சலுகையும் வேண்டாம், எல்லார் முன்னாலும் அதட்டுவதும் வேண்டாம். எழுதும்போது சுலபம், செய்யும்போது கஷ்டம்தான்.

இந்த வேலை பிடித்துப்போனால் இதை வாழ்க்கைத் தொழிலாக்கவும் வழியுண்டு. பிளஸ் டூ முடித்தவர் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கலாம். நம் மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் வடலூரில் இருக்கிறது. டிகிரியோடு பி.எட். முடித்தால் ஆறு முதல் எட்டு வகுப்பு. இரண்டு பேரும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது. பள்ளி வேலை கிடைத்த அன்றைக்கு இந்தக் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

அதுவரை ஒரு நீளமான நோட்டு போடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். சேர்ந்த அன்று எதை வாசிக்க முடிந்தது, எந்தக் கணக்கில் திணறியது, மூன்று மாதம் கழித்து என்ன நிலை என்று தேதி போட்டு எழுதுங்கள். பெற்றோர் கட்டணத்துக்கு முகம் சுளித்தால் திருப்பிக் காட்டலாம், நாளைக்கு ஒரு பள்ளியில் இன்டர்வியூவுக்குப் போனாலும் எடுத்துப் போகலாம். அதே பக்கத்தில் பிள்ளையின் உயரத்தையும் குறித்து வையுங்கள். ஆனியில் போட்ட சாக்பீஸ் கோடு தை பிறக்கும்போது கீழே போயிருக்கும். பெயிண்ட் டின்னில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.