பழஞ்சேலை, புதுப் போர்வை

மார்கழி மாதம் டெல்லியில் குளிர் கடுமையாக இருக்கும். இரவில் வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். வீடு உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பஞ்சு அடைத்த ரஜாயைப் போர்த்திப் படுப்பார்கள். பாலத்தின் அடியிலும் நடைபாதையிலும் படுப்பவர்கள் என்ன செய்வார்கள்?

1990-களில் அன்சு குப்தா என்ற இளைஞர் அங்கே பத்திரிகைகளுக்கு எழுதிவந்தார். ஒருநாள் பழைய டெல்லியில் ஒரு வண்டியைப் பார்த்தார். ‘அனாதைப் பிணம் எடுப்பவர்’ என்று அதில் எழுதியிருந்தது. வண்டிக்காரருக்கு ஒரு பிணத்துக்கு 20 ரூபாய் கூலி. அதோடு, பிணத்தை மூட 2 மீட்டர் துணி தருவார்கள். வெயில் காலத்தில் அவருக்கு வேலை குறைவு. குளிர்காலம் வந்தால் வேலை பெருகிவிடும்.

அவருக்குச் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். குளிர் தாங்காவிட்டால் பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவேன் என்று அவள் சொன்னாள். பிணம் புரண்டு படுக்காது, தொந்தரவு செய்யாது என்றாள். அன்சு குப்தா இதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்.

எல்லாரும் குளிரால் சாவு என்கிறோம். அதே குளிரில், போர்த்திப் படுத்தவர் காலையில் எழுந்து டீ குடிக்கிறார். துணி இல்லாதவர்தான் சாகிறார். இது அந்த இளைஞர் மனத்தில் தைத்தது. 1999-ஆம் ஆண்டு அவர் ‘கூஞ்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கூஞ்ச் என்றால் எதிரொலி என்று பொருள். முதலில் சேர்ந்தவை அவர் வீட்டில் இருந்த 67 துணிகள். பிறகு ஊர் ஊராகத் துணி சேர்ந்தது. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

துணி சேர்ப்பது ஒரு வேலை. பழைய துணியை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் போர்வை தைப்பது இன்னொரு வேலை. இது நம் நாட்டுப் பெண்களுக்குப் புதிது அல்ல.

ஊருக்கு ஒரு பெயர்

வங்காளத்தில் இந்தப் போர்வைக்குக் ‘காந்தா’ என்று பெயர். கந்தை என்ற நம் சொல்லும் அதற்கு உறவுதான். மகாராஷ்டிரத்தில் ‘கோதடி’ என்பார்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ‘ரல்லி’. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சித்திப் பெண்கள் தைக்கும் போர்வை ‘கவந்தி’. அவர்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைத்துத் தைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்கள்!

பீகாரில் இதன் பெயர் ‘சுஜனி’. குழந்தை பிறந்தால் பழஞ்சேலையில் சுஜனி தைத்துக் குழந்தையைச் சுற்றுவார்கள். புதுத்துணி பச்சைக் குழந்தையின் உடம்பில் உறுத்தும். பல முறை துவைத்த சேலை பூப்போல இருக்கும். நம் ஊரில் பழஞ்சேலையில் தொட்டில் கட்டுவதும் இதனால்தானே?

பீகாரின் முசாஃபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற கிராமம் இருக்கிறது. 1988-இல் ‘அதிதி’ என்ற அமைப்பு அங்கே பெண்களைச் சேர்த்துச் சுஜனித் தையலைத் தொழிலாக்கியது. பெண்கள் புதுத் துணியில் தங்கள் வாழ்க்கையையே படமாகத் தைத்தார்கள். வரதட்சணைக் கொடுமையைத் தைத்தார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைத் தைத்தார்கள். வாயால் சொல்ல முடியாததை ஊசி சொன்னது. அந்தக் கிராமத்து நிர்மலா தேவிக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஒட்டுப்போர்வை எப்படிச் சூடு தருகிறது?

போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. சூடு நம் உடம்பில் இருக்கிறது. அது வெளியே போகாமல் போர்வை தடுக்கிறது. இரண்டு துணிக்கு நடுவே காற்று நிற்கிறது. நிற்கிற காற்று சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் ஒரு கனமான துணியைவிட, சேர்த்துத் தைத்த பல மெல்லிய துணிகள் நன்றாகக் குளிர் தாங்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சேலையின் நீளம் சுமார் 18 அடி. அகலம் ஏறக்குறைய 4 அடி. நீளத்தை மூன்றாக மடித்தால் 6 அடி. அதாவது ஒருவர் படுக்கும் அளவு, மூன்று அடுக்கு. இரண்டு சேலை இருந்தால் ஆறு அடுக்கு.

பருத்திச் சேலையாக இருந்தால் நல்லது. நைலான் வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது. முதலில் சேலைகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். வெயிலில் நன்றாகக் காய வேண்டும். நைந்த சேலையை உள்ளே வைத்து, கெட்டியான சேலையை வெளியே வைக்க வேண்டும். தரையில் சுருக்கம் இல்லாமல் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக்கொள்ளலாம். ஓரத்தை உள்ளே மடிக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே பெரிய பெரிய தையலாக நூலோட்டம் போட வேண்டும். இதைச் செய்யாமல் தைக்கத் தொடங்கினால் உள்துணி நழுவிச் சுருண்டுகொள்ளும். பிறகு பிரிக்கவும் முடியாது, விடவும் முடியாது.

அப்புறம் சிறு தையல். ஊசி மேலே வந்து கீழே போகும், அவ்வளவுதான். பூவேலை தெரியாதவர்களும் தைக்கலாம். வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடம் விட்டால் போதும். வங்காளத்தில் அந்தக் காலப் பெண்கள் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தார்கள். கடைக்குக் காசு போகவில்லை.

மிகவும் தடிமனாகத் தைத்துவிடக் கூடாது. துவைத்தால் காயாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து நாறும்.

கொடுப்பது எப்படி?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிந்தவை, அழுக்கானவை, அந்த ஊருக்கு ஆகாத கம்பளி உடைகள் எல்லாம் இருந்தன. மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. வீடு போனாலும் மானம் போகவில்லை அல்லவா? துணி சாலையோரம் குவியலாகக் கிடந்து நனைந்தது. அப்படிக் கிடந்த துணியில் ஒரு பகுதியைக் கூஞ்ச் அமைப்பினர் எடுத்துப் பிரித்துப் பயன்படுத்தினார்கள்.

2008 ஆகஸ்டில் நேபாளத்தில் கோசி ஆற்றின் கரை உடைந்து, பீகாரில் வெள்ளம் புகுந்தது. சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். வெள்ளத்துக்குப் பின்னால் குளிர்காலம் வந்தது. அந்த மாதிரி இடத்துக்குக் கிழிசல் துணி எதற்கு? அதே துணி தைத்த போர்வையாகப் போனால் கதை வேறு. வாங்குகிறவர் கையில் கொடுக்கலாம். அவரும் கூசாமல் வாங்குவார்.

கூஞ்ச் இலவசம் என்ற சொல்லையே விரும்புவதில்லை. கிராமத்து மக்கள் கூடிக் கிணறு வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள், மூங்கில் பாலம் கட்டுகிறார்கள். அந்த வேலைக்குச் சன்மானமாகத் துணி கிடைக்கிறது. பழந்துணியில் சுஜனி தைக்கும் வேலையையும் அவர்கள் பெண்களுக்குக் கொடுத்தார்கள். தைப்பவருக்குக் கூலி உண்டு. இது சரியான முறை. ஏழைப் பெண்ணைச் சும்மா தைக்கச் சொல்லி, அதைத் தானம் என்று இன்னொருவர் பெயர் போட்டுக்கொள்வது நியாயம் இல்லை.

உங்கள் குழுவிலும் பழஞ்சேலைகள் இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு போர்வை விரைவில் முடியும். தனியாக மதிய ஓய்வில் மட்டும் தைத்தால் பல வாரம் ஆகும். வடக்கே குளிர் கார்த்திகையில் தொடங்கிவிடும். பொட்டலம் ஐப்பசியில் புறப்பட்டால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். ஆடி மாதமே சேலைகளைத் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள்.