உயர்கல்விக்குப் பொருள்வழி

குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. பனையும் கடலும் பிழைப்பளித்து வந்த இக்கரையில் இத்தகைய பெருந்தொழில் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அங்குள்ள கருவிகளைக் கையாளப் போகிறவர் யாவர்? நம் பிள்ளைகள் பட்டமோ பட்டயமோ பெற்றிராவிடில், காவல் வேலையும் கூலி வேலையும் மட்டுமே அவர்கள் பங்காகும். ஆகவே, எளிய குடும்பத்துப் பிள்ளை உயர்கல்வி பெறுவதற்குப் பொருள்வழி யாது என்பதே இம்மாதப் பாடம்.

1. செலவை முழுவதும் அறிதல்

கல்லூரிச் செலவு என்றவுடன் கட்டணத்தையே நாம் எண்ணுகிறோம். உண்மையில் செலவு மூவகைப்படும். முதலாவது, கட்டணம். இரண்டாவது, விடுதி, உணவு, பேருந்து, நூல், உடை ஆகியவற்றின் செலவு. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது: தறியிலோ தோட்டத்திலோ கைகொடுக்க வேண்டிய பிள்ளை படிக்கச் செல்வதால் குடும்பம் இழக்கும் வருமானம். இம்மூன்றையும் கூட்டிப் பாராமல் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தும் குடும்பங்கள் பல. எனவே, சேர்க்கைக்கு முன்னரே படிப்பு முடியும்வரை ஆகும் செலவைத் தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

2. திருப்பித் தர வேண்டாத உதவிகள்

கடனை நாடுமுன் உதவித்தொகைகளை நாடுதல் அறிவுடைமை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்று கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிற்று. ஆண் பிள்ளைகளுக்கு அதே தொகை வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல் ஏற்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகிய வகுப்பினருக்குத் தனித்தனி உதவித்தொகைகள் உண்டு. இவற்றுக்குச் சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்கள் தேவை. பிள்ளை 12ஆம் வகுப்பில் பயிலும்போதே இவற்றைப் பெற்று வைத்தல் நலம்.

3. வங்கிக் கடன்

உதவிகள் போதாதபோது கல்விக்கடன் துணையாகும். 2024ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு ஏற்ற வித்யாலட்சுமித் திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிலையங்களில் சேர்வோர்க்கு ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் தர வகை செய்யப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்க்கு, 10 லட்சம்வரையான கடனில், படிக்கும் காலத்து வட்டியில் 3 விழுக்காடு தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. ஆனால் கடன் கடனே. 1 லட்சம் ரூபாய்க்கு 10 விழுக்காடு தனிவட்டி எனக் கொண்டால், நான்கு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் வட்டி மட்டும் 40,000 ரூபாயாகும். கடன் வாங்குமுன், அப்படிப்பால் கிடைக்கக்கூடிய ஊதியத்தையும் எண்ணிப் பார்த்தல் கடமை.

4. இடையில் உள்ள பள்ளம்

இத்தனை வழிகள் இருந்தும் பிள்ளைகள் தடைப்படுவது ஏன்? உதவித்தொகை கல்லூரியில் சேர்ந்த பின்னரே வருகிறது. சேர்க்கைப் பணமோ குறித்த நாளில் கட்டியாக வேண்டும். பனைத் தொழில் ஆண்டில் சில மாதங்களே வருவாய் தருவது. தறிக்கூலியோ அன்றாடச் செலவுக்கே சரியாகிறது. அந்த ஒரு வாரத்தில் சில ஆயிரம் ரூபாய் கிட்டாமையால் கைக்கெட்டிய இடம் போய்விடுகிறது. அல்லது தாயின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. இப்பள்ளத்தை நிரப்புவது கூட்டுறவுக்கு ஏற்ற பணியாகும்.

இது புதிய எண்ணமன்று. விருதுநகரில் வணிகர்கள் தம் வாணிபத்தில் ஒரு பங்கை மகமையாகத் திரட்டியும், வீடுதோறும் பிடி அரிசி ஒதுக்கியும் சத்திரிய வித்தியாசாலையை நடத்தினர். காமராஜர் பயின்றது அப்பள்ளியிலேதான். இங்கிலாந்தில் 1844இல் கூட்டுறவுக் கடை தொடங்கிய ராச்டேல் நெசவாளரும் பிற தொழிலாளரும், பின்னர்த் தம் உபரியில் இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கினர்.

5. சுழல்நிதி அமைக்கும் முறை

எடுத்துக்காட்டாக, 200 உறுப்பினர் மாதம் 20 ரூபாய் வீதம் செலுத்தினால் ஓராண்டில் 48,000 ரூபாய் சேரும். சேர்க்கைக் காலத்தில் ஆளுக்கு 8,000 வீதம் ஆறு மாணவர்க்கு வட்டியின்றிக் கொடுக்கலாம். மாதம் 400 ரூபாயாக இருபது தவணையில் அது திரும்பும். அடுத்த ஆண்டுக்குள் பத்துத் தவணைகளில் 24,000 வந்திருக்கும். புதிய சேமிப்பு 48,000 சேர்ந்து 72,000 ஆகும். அவ்வாண்டு ஒன்பது மாணவர்க்கு உதவலாம். கொடுத்த பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த பிள்ளைக்குக் கிடைக்கும் என்பதே இந்நிதியின் உயிர்நிலை.

இதற்குப் பேரவைத் தீர்மானமும், துணைவிதிகளில் இடமும், தனிக் கணக்கும் தேவை. தேர்வு முறையை முன்கூட்டியே எழுதி அறிவிப்புப் பலகையில் இடவேண்டும். நிருவாகக் குழுவினரின் பிள்ளைக்கு ஒரு விதி, ஏனையோர் பிள்ளைக்கு ஒரு விதி என்றிருப்பின் நிதி ஓராண்டும் நிலைக்காது.

ஒரு சிற்றூரில் ஆண்டுக்கு ஆறு பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். பத்தாண்டுகளில் அது குறைந்தது அறுபது குடும்பங்களின் நிலையை மாற்றும்.

உறுப்பினர் கூடிச் சிந்திக்க

1. நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளில் இவ்வாண்டு 12ஆம் வகுப்பு முடிப்பவர் எத்தனை பேர்?
2. அவர்களுள் தேவையான சான்றிதழ்களை இன்னும் பெறாதவர் யாவர்?
3. மாதம் எவ்வளவு தொகை ஒவ்வோர் உறுப்பினரும் சுமையின்றிச் செலுத்த இயலும்?