உல்ம் கோபுரம் சொல்லும் பாடம்

கான்கிரீட் லேபில் நான் வார்த்த கியூப், 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய இடத்தில் 14 தான் தாங்கியது. "டேய், 1-ஐ 2 ஆக்கிடு, 24 ஆயிடும். யாரு பார்க்கப் போறா?" என்றான் நண்பன். நானும் ரெக்கார்டில் 24 என்றே எழுதிவிட்டேன். அந்த வாரம்தான் நூலகத்தில் உல்ம் தேவாலயத்தைப் பற்றிப் படித்தேன்.

தெற்கு ஜெர்மனியில் டான்யூப் நதிக்கரையில் இருக்கிறது உல்ம் நகரம். 1377-இல் அவ்வூர் மக்கள் தங்கள் பணத்திலேயே இந்தக் கோதிக் பாணித் தேவாலயத்தைத் தொடங்கினார்கள். 1392-இல் பொறுப்பேற்ற உல்ரிச் என்சிங்கன், மேற்கு வாசலுக்கு மேல் வானளாவ ஒற்றைக் கோபுரம் எழுப்பத் திட்டம் போட்டார். நடு மண்டபத்தின் உயரமே 41 மீட்டருக்கு மேல்!

கோபுரம் ஏற ஏறப் பாரமும் ஏறியது. 1492-இல் கோபுரத்தின் வளைவுக் கூரையிலிருந்து கற்கள் பெயர்ந்து விழுந்தன. அப்போதைய தலைமைச் சிற்பி மத்தேயஸ் பெப்லிங்கர் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அடுத்து வந்தவர் ஆக்ஸ்பர்க் நகரத்து புர்கார்ட் எங்கல்பெர்க். அவர் மேலே ஒரு கல்லும் வைக்கவில்லை. முதலில் கீழே இறங்கினார்! அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினார். கோபுரத்தின் பக்கத்து ஆர்ச்சுகளைச் சுவர் வைத்து அடைத்தார். அகலமான பக்க மண்டபங்களின் நடுவே மெல்லிய தூண் வரிசை நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தார்.

இது ஏன்? நாம் படித்த ஆர்ச் சூத்திரத்தையே போட்டுப் பாருங்கள். சீரான பாரம், அதே ரைஸ் என்றால், கிடைமட்டத் தள்ளுவிசை ஸ்பானின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்பான் பாதியானால் தள்ளுவிசை கால் பங்குதான். சூத்திரம் இல்லாத காலத்திலேயே அனுபவத்தால் இதைக் கண்டிருக்கிறார்கள்!

1543-இல் வேலை நின்றது. 301 வருஷம் கழித்து, 1844-இல் மறுபடி தொடங்கியது. அப்போதும் சுவர்களைத் தாங்கும் பறக்கும் முட்டுகளைக் கட்டிய பிறகே கோபுரத்தை உயர்த்தினார்கள். பெப்லிங்கர் விட்டுச்சென்ற பழைய வரைபடத்தை வைத்து, ஆகஸ்ட் பையர் 1890 மே 31-இல் முடித்தார். உயரம் 161.53 மீட்டர், படிகள் 768. 2025 அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா முந்தும் வரை, உலகிலேயே உயரமான தேவாலயம் இதுதான். 1944 டிசம்பர் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி அழிந்தும் இது நின்றது.

படித்து முடித்ததும் என் 24 உறுத்தியது. அங்கே விழுந்த கல்லை யாரும் மறைக்கவில்லை. அதனால்தான் கோபுரம் நிற்கிறது. மறுநாள் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நல்ல திட்டு! மார்க்கும் குறைந்தது. ஆனால், மறுபடி கியூப் போட விட்டார். தப்பு அப்போதுதான் புரிந்தது: தண்ணீரை அளக்காமல், கண் மதிப்பில் ஊற்றியிருந்தேன். அளந்து போட்டதும் 23 வந்தது.

நாளை நம் கையெழுத்தை நம்பி ஒரு குடும்பம் கூரைக்குக் கீழே தூங்கும். ரெக்கார்டில் 14 வந்தால் 14 என்றே எழுதுவோம், நண்பர்களே!