முழு உறவு இல்லாத நெருக்கம்: எதற்குப் பயம், எதற்குக் கவனம்?

உள்ளே போகவில்லை என்றால் கரு தங்கவே தங்காது என்று நம்புகிறவர்கள் உண்டு. கட்டிப்பிடித்ததற்கே நாள் தள்ளிப்போகுமோ என்று தூக்கம் இழப்பவர்களும் உண்டு. முத்தம், ஆடைக்கு மேலான அணைப்பு, காய்ந்துபோன விந்து இவற்றால் கரு தங்காது. ஈரமான விந்து பெண்ணுறுப்பின் வாயிலில் பட்டாலோ, விந்து ஒட்டிய விரல் உள்ளே போனாலோ, அபூர்வமாகத் தங்கலாம். அப்படி நேர்ந்தால் மாதவிலக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் நாளே போட்டால் பலன் அதிகம். 5 நாளுக்குள் காப்பர்-டி பொருத்தலாம். 21 நாள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் தெளிவாகத் தெரிந்துவிடும்.

தோலோடு தோல் உரசுவதால் எச்.ஐ.வி. பரவாது. ஆனால் ஹெர்பீஸ், எச்.பி.வி., சிபிலிஸ், சொறி சிரங்கு பரவத் தோல் பட்டாலே போதும். வாய்வழி உறவில் வெட்டை நோயும் தொற்றும். அங்கேயும் ஆணுறை தேவை.

பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள் துணையைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். நகக்கண்ணில் தங்கும் மருந்துத்தூள் மென்மையான தோலில் எரிச்சல் தரும்.

புண், கொப்புளம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் இருவருமே மருத்துவரிடம் போங்கள். காரியாபட்டி போன்ற சின்ன ஊரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கூச்சமா? விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பஸ் ஏறுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவும் ரகசியம். எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1097.